எஞ்சினையும் குத்தூசி போட்டுப் பார்த்து வாங்குவோம்

மளிகை வணிகர் துவரம் பருப்பு மூட்டை வாங்கும்போது, மேலாகக் கொட்டிக் காட்டுவதை மட்டும் பார்த்து விலை பேசமாட்டார். குத்தூசியை நடு மூட்டையில் செருகி எடுப்பார்; உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்ப்பார்; ஒன்றிரண்டைக் கடித்தும் பார்ப்பார். சில ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு இத்தனை சோதனை. அதே வணிகர் தம் சரக்கு வண்டிக்குப் பழைய எஞ்சின் வாங்கப் போகும்போது மட்டும், "நல்ல எஞ்சின் அண்ணாச்சி, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்ற ஒரு சொல்லை நம்பி, கண்ணை மூடிக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். இந்த வழக்கத்தை நாம் மாற்றியாக வேண்டும்.

பழைய எஞ்சினே கூடாது என்று சொல்ல வரவில்லை. நம்மில் பலருடைய பிழைப்பு 1986-இல் வந்த டாடா 407-ஐயும், 2005-இல் வந்த டாடா ஏஸையும் நம்பி ஓடுகிறது. எஞ்சின் சீஸ் ஆகிவிட்டால் புதியது வாங்கக் கட்டுப்படி ஆகாது. உள்ளதையே பிரித்துக் கட்டலாம் என்றால் பட்டறையில் வண்டி நாள்கணக்கில் நிற்கும். அதுவரை வாடகை வண்டிக்குக் கொடுத்தே லாபம் கரைந்துபோகும். விபத்தில் முன்பக்கமோ பாடியோ நொறுங்கிப்போன வண்டியின் எஞ்சின், சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் நல்ல நிலையில் கிடைப்பதும் உண்டு. சரக்கில் குற்றமில்லை, கொள்முதல் செய்கிற முறையில்தான் குற்றம்.

புறப்படுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். நம் பழைய எஞ்சின் ஏன் போனது? ரேடியேட்டர் அடைத்துச் சூடேறிப் போயிருந்தால், அதே ரேடியேட்டரை மாட்டிய மறு மாதமே இரண்டாவது எஞ்சினும் அதே வழியில் போகும். பேரிங் தேய்ந்து போயிருந்தால், அதன் உலோகத் துகள்கள் ஆயில் கூலரிலும் ஆயில் குழாய்களிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவாமல், சில சமயம் கழற்றிக்கூடப் பார்க்காமல், வாங்கி வந்த எஞ்சினில் மாட்டிவிட்டு, "விற்றவன் ஏமாற்றிவிட்டான்" என்று புலம்புகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

இனி கடைக்கு வருவோம். மண்ணெண்ணெயில் கழுவி, சில்வர் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். பெயிண்ட் அடித்த எஞ்சினைவிட, தூசியும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த எஞ்சினே மேல் என்பது என் அபிப்பிராயம். எங்கே கசிந்தது, எங்கே கசியவில்லை என்பதை அந்தப் பிசுக்கே காட்டிக்கொடுக்கும். பேட்டரி வைத்து ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னால், முதலில் பிளாக்கின் மேல் கையை வையுங்கள். நாம் வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலை நேரத்தில் அது எப்படிக் கிளம்பும் என்பது தெரியாமலே போய்விடும். எஞ்சின் ஆயிலுக்குப் பதில் கியர் பெட்டிக்கு ஊற்றும் கெட்டியான 90 ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்குவதும் நடப்பதே. டிப் ஸ்டிக்கை எடுத்து ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தால், எண்ணெய் ஆட்டிப் பழகிய நம் விரலுக்குத் தெரியாதா?

ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பது இதைத்தான். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா, அல்லது டீசல் சரியாக எரியவில்லையா என்று பார்க்க வேண்டும். ஓட்டிக் காட்ட வசதியில்லை என்றால் நாசில்களைக் கழற்றச் சொல்லி, பிளைவீலைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்குள் எல்லா சிலிண்டரும் தன் வேலையை ஒருமுறை முடித்துவிடும். ஓரிடத்தில் மட்டும் இடறினால் அதை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் டீசல் மெக்கானிக்கை அழைத்துச் செல்வது இன்னும் நல்லது. ஒரு சிலிண்டருக்கும் மற்றொன்றுக்கும் பத்து சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதைவிட, வேறு எஞ்சினைக் கேட்பதே புத்திசாலித்தனம்.

இவ்வளவும் வெளிச் சோதனை. உண்மையான குத்தூசி ஆயில் சம்ப்தான். "சம்ப்பைக் கழற்றிப் பார்த்த பிறகே அட்வான்ஸ்" என்று ஒவ்வொரு வணிகரும் நிபந்தனை போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. சில போல்ட்டுகளும் ஒரு மணி நேரமும்தான் செலவு. உள்ளே ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அடியில் மினுமினுப்பான துகள் கிடந்தால் பேரிங் கரைந்திருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் ஒரு கனெக்டிங் ராடின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பேரிங்கின் சாம்பல் நிறப் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தால், அந்த எஞ்சின் ஓட வேண்டியதை ஓடி முடித்துவிட்டது. கழற்ற மாட்டேன் என்கிற வியாபாரியிடம் நாம் ஏன் வாங்க வேண்டும்? மூட்டையைக் குத்தவிடாத மண்டிக்காரரிடம் நாம் சரக்கு எடுப்பதில்லையே.

வாங்கி வந்ததும் அப்படியே தூக்கி வண்டியில் வைக்கும் அவசரமும் வேண்டாம். எஞ்சின் வெளியே இருக்கும்போது கிராங்கின் முன், பின் ஆயில் சீல்களை மாற்றுவது எளிது. வண்டியில் ஏற்றிய பிறகு பின் சீல் ஒழுகினால், சில நூறு ரூபாய்ச் சாமானுக்காகக் கியர் பெட்டியை இறக்க வேண்டிவரும். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் பைப்புகள், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் இவற்றையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் பெல்ட்டைப் புதிதாகவே போட வேண்டும். மாதக்கணக்கில் தரையில் கிடந்த எஞ்சினின் பேரிங்குகள் காய்ந்திருக்கும். ஆகையால் புது ஆயிலும் புது பில்டரும் போட்டு, டீசலை நிறுத்தி வைத்துவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும் வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டர் அடித்து, பிறகே கிளப்ப வேண்டும். முதல் 500 கிலோமீட்டரில் அந்த ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருந்த அழுக்கெல்லாம் அதோடு போகும்.

இழுவை போதவில்லை என்று பெரிய எஞ்சினைத் தூக்கி வைக்கும் ஆசை சிலருக்கு உண்டு. பிரேக்கும், கியர் பெட்டியும், பின் ஆக்சிலும் பழைய சக்திக்குச் செய்யப்பட்டவை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். இரண்டு சிலிண்டர், 702 சி.சி. ஏஸ் எஞ்சினை இரட்டிப்புப் பாரம் இழுக்கச் சொல்வது எஞ்சினின் தவறன்று.

கடைசியாகக் காகிதம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவை நம் உறுப்பினர்கள் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவர், அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை முன் அனுமதி இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு இசைவு தரலாம் என்கிறது அது. அவர் 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொண்டால் போதும். ஒரே ஒரு வண்டி வைத்திருக்கும் மளிகைக்காரரோ முதலில் அனுமதி வாங்கி, பிறகு மாற்ற வேண்டும். தவணைக் கொள்முதலில் எடுத்த வண்டியானால் பணம் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதமும் தேவை. பத்து வண்டிக்காரருக்கு ஒன்று நின்றால் ஒன்பது ஓடும். ஒரு வண்டிக்காரருக்கு ஒன்று நின்றால் கடையே நின்றுபோகும். சலுகை தேவைப்படுவது யாருக்கு? பத்து என்ற எண்ணிக்கை மத்தியச் சட்டத்திலேயே இருப்பதால் மாநில அரசு தானாக அதைக் குறைத்துவிட இயலாது. சிறு வணிகருக்கும் இது பொருந்தும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என நம் சங்கம் மத்திய அரசுக்குத் தீர்மானம் அனுப்பலாம். அது நடக்கும் வரை, விண்ணப்பித்த ஒரு வாரத்துக்குள் அனுமதி வழங்கும்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது, பில் இல்லாமல் எஞ்சின் வாங்காமல் இருப்பது. பில்லில் எஞ்சின் நம்பரும், அது எந்த வண்டியிலிருந்து இறக்கப்பட்டது என்ற விவரமும் இருக்க வேண்டும். பிளாக்கில் பொறித்த நம்பரின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தத் தாளையும் பில்லோடு பத்திரப்படுத்துங்கள். நம்பர் இருக்கும் இடம் ராவப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எப்.சி.க்குப் போகும்போதும், இன்சூரன்ஸ் கிளெய்ம் கேட்கும்போதும், வழியில் போலீஸ் நிறுத்தும்போதும் முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான்.