கடைசி வாரம் படித்த ஊருக்கே

ஐரோப்பாவுக்குக் கோடைக்காலப் படிப்புக்குப் போகும் அமெரிக்க மாணவர்களின் கடைசி வாரம் எப்படிக் கழியும் என்பதை அவர்களது கால அட்டவணையை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். புதன்கிழமை தேர்வு, வியாழன் இரவு வழியனுப்பு விருந்து, வெள்ளிக்கிழமை அறையைக் காலிசெய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முந்தைய சனி, ஞாயிறு இன்னும் பார்க்காத ஏதோ ஒரு நாட்டுக்குப் போய்விடும். சாவியைக் கொடுத்த பிறகு, ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் மிச்சமிருக்கும் நாட்களில் இன்னும் இரண்டு நாடுகள். படிக்க வந்த ஊருக்கு மிஞ்சுவது தேர்வுக்குப் படித்த இரவுகளும் பெட்டி கட்டிய நேரமும்தான். இதற்காக இருபது வயதுப் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. திருத்த வேண்டியது அட்டவணையை. எழுத்துத் தேர்வை ஒரு வாரம் முன்னால் தள்ளிவிட்டு, கடைசி வாரத்தை வகுப்பறைக்கு வெளியே, ஆனால் அந்த ஊருக்குள்ளேயே கழிக்கும்படி இத்திட்டங்களை மாற்றியமைக்க வேண்டும்.

இது ஏதோ நாலு பேர் விவகாரமல்ல. 2022-23 கல்வியாண்டில் மட்டும் 2,80,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவர்கள் வெளிநாடு சென்று படித்துவந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் எட்டு வாரத்துக்குள் திரும்பிவிடுகிறவர்கள். அதிகம் பேர் போவது கோடையில். அதிகம் பேர் போன நாடு இத்தாலி. இந்த வழக்கம் தொடங்கியபோது கணக்கு வேறாக இருந்தது. 1923-ல் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமண்ட் கர்க்பிரைடு எட்டு மாணவர்களைப் பிரான்சுக்குக் கப்பலில் அழைத்துப்போனார். அந்தக் கோடையை அவர்கள் பாரிஸில் கழிக்கவில்லை. நான்சி நகரில் தங்கி, முதலில் பிரெஞ்சு பேசக் கற்றுக்கொண்டார்கள்; அதன் பிறகுதான் பாரிஸ், பல்கலைக்கழகம் எல்லாம். ஓராண்டுப் படிப்புக்குக் கோடை ஒரு முன்தயாரிப்பாக இருந்தது. இன்று பலருக்குக் கோடைதான் மொத்தப் படிப்பும். முன்தயாரிப்பு முடியும் இடத்தில் விமானம் ஏறிவிடுகிறார்கள்.

ஃப்ளோரன்ஸை எடுத்துக்கொள்வோம். டஜன் கணக்கில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அங்கே கிளை வைத்திருக்கின்றன. இத்தகைய திட்டங்கள் பலவற்றில் திங்கள் முதல் வியாழன் வரைதான் வகுப்பு. மூன்று நாள் வார இறுதி என்பது விளம்பரத்திலேயே இடம்பெறும் கவர்ச்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் 1997-ல் முழுமையாகத் தளர்ந்த பிறகு, மலிவு விமானங்கள் புறப்படும் பீசா விமான நிலையம் ஃப்ளோரன்ஸ் மாணவர்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி ஆகிவிட்டது. ஆறு வாரத் திட்டத்தில் இடைப்பட்ட ஐந்து வார இறுதிகளையும் வெளியூரில் கழிப்பவருக்கு 42 நாட்களில் 15 நாட்கள் அங்கேயே போய்விடும். ஜூன் 24 அந்த நகரின் காவல் புனிதரான யோவானின் திருநாள். சாண்டா குரோசே சதுக்கத்தில் மணல் கொட்டி, ஊரின் நான்கு பேட்டைகளின் அணிகள் அணிக்கு 27 பேராக மோதும் பழைய காலத்துப் பந்தாட்டத்தின் இறுதிப்போட்டி அன்றுதான், இரவில் வாணவேடிக்கை. மே கடைசியில் தொடங்கும் திட்டங்களுக்கு இந்தத் திருநாள் முடிவை ஒட்டி வருகிறது. அது வார இறுதியில் விழுந்தால், அந்த ஊரில் குடியிருந்துவிட்டுப் போகிற மாணவர்களில் எத்தனை பேர் அன்று ஊரில் இருப்பார்கள்?

ஊரில் இருந்தால் மட்டும் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். மொழியில் இதற்குச் சான்று இருக்கிறது. பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூவி ஆகியோர் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பிரெஞ்சு பயின்ற அமெரிக்க மாணவர்களை மூன்று குழுக்களாக ஒப்பிட்டது. ஒரு குழு சொந்தக் கல்லூரியிலேயே படித்தது. இன்னொன்று பிரான்சுக்குப் போனது. மூன்றாவது குழு அமெரிக்காவிலேயே, பிரெஞ்சு மட்டுமே பேச வேண்டும் என்ற நிபந்தனையுள்ள கோடைப் பள்ளியில் சேர்ந்தது. பேச்சுச் சரளத்தில் அதிகம் முன்னேறியது பிரான்சுக்குப் போன குழு அல்ல, மூன்றாவது குழு. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை: பிரான்சில் இருந்தவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பேசியதாக அவர்களே பதிவுசெய்திருந்தார்கள். சிறிய ஆய்வுதான், மொத்தம் 28 பேர். ஆனாலும் கடல் கடந்து போவதால் மட்டுமே மொழி ஒட்டிக்கொள்ளாது என்பதைக் காட்ட அது போதும். சக அமெரிக்கர்கள் நால்வரோடு ப்ராக் போய்வருகிற வார இறுதி எந்த மொழியில் கழியும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

சரி, இதை ஏன் கடைசி வாரத்தில் செய்ய வேண்டும்? ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் நினைவில் தங்கும் என்று உளவியலாளர் டேனியல் கானமன் சொன்னதை இங்கே பலர் இழுத்துவருவார்கள். நான் அதை நம்பி வாதாட மாட்டேன். குறுகிய நேர மருத்துவப் பரிசோதனைகளில் பொருந்திய அந்த விதி, மாணவர்களின் விடுமுறைப் பயணங்களில் அவ்வளவு நன்றாகப் பொருந்தவில்லை என்று பின்னால் வந்த ஆய்வே காட்டியது. என் காரணம் எளிமையானது: கற்றது கைகொடுக்கத் தொடங்குவதே அப்போதுதான். ஃப்ளோரன்ஸின் சாந்த் அம்ப்ரோஜோ சந்தையில் வாடிக்கையாளர் பழத்தைத் தொட்டுப் பொறுக்கக் கூடாது. கடைக்காரரே எடுத்துத் தருவார். முதல் வாரத்தில் மாணவர் விரலை நீட்டுகிறார், கிடைத்ததை வாங்கிக்கொள்கிறார். ஐந்தாவது வாரத்தில் பீச் பழம் இன்றைக்குச் சாப்பிடவா, நாளை மறுநாளுக்கா என்று சொல்லி வாங்க அவருக்கு வாய் வந்திருக்கும். கடைக்காரருக்கும் முகம் பழகியிருக்கும். இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவார். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு தூரமும் இவ்வளவு கட்டணமும். சுற்றிப் பார்க்க மொழி அவ்வளவாக வேண்டாம், அதை முதல் வாரங்களிலேயே முடித்துக்கொள்ளலாம். எட்டு மொழி பேசும் எட்டு நாடுகளை மொழி தெரியாமலேயே ரயிலில் சுற்றிவர யூரெயில் பயணச்சீட்டு 1959 முதல் இருக்கிறது.

எதிர்வாதங்களில் வலுவானது, மறுபடி வர வாய்க்காது என்பது. கடன் வாங்கி வந்த மாணவருக்கு இந்தக் கோடைதான் ஒரே ஐரோப்பா; அவரை ஒரே ஊரில் கட்டிப்போடுவது வசதி படைத்தவரின் உபதேசம் போல ஒலிக்கும். இதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் கேட்பது எல்லா வார இறுதிகளையும் அல்ல, முடிவை ஒட்டிய ஒரு வாரத்தை. தவிர, மறுபடி வர முடியாது என்பது பார்சிலோனாவுக்கு மட்டுமல்ல, படித்த ஊருக்கும் பொருந்தும். பிடித்துவைக்க முடியாது, சும்மா விட்டால் பறந்துவிடுவார்கள் என்பது இன்னொரு வாதம். சிலர் பறக்கத்தான் செய்வார்கள். அதனால்தான் கடைசி வாரத்துக்கு மதிப்பெண்ணோடு ஒரு வேலை வேண்டும்: ஒரு தெருவின் கடைகளைப் பற்றி அங்கிருப்பவர்களிடம் அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுதுவது போல. வெர்மான்ட்டின் மிடில்பரி கோடைப் பள்ளியில், கற்கும் மொழியைத் தவிர வேறு பேச மாட்டேன் என்று கையெழுத்திட்டு, வாரக்கணக்கில் அதைக் காப்பாற்றுகிற மாணவர்களிலும் பலர் இதே வயதுக்காரர்கள்தான்.

வகுப்பு மணிநேரம் குறையும் என்று நிர்வாகிகள் சொல்வார்கள். கடைசி வாரத்தில் விடுபடுவது நான்கு வகுப்பு நாட்கள். முந்தைய வாரங்களின் நான்கு வெள்ளிக்கிழமைகளில் அதை ஈடுகட்டிவிடலாம். உண்மையான தடை அதுவல்ல. மூன்று நாள் வார இறுதி என்ற விளம்பர வரியை இழக்க அவர்களுக்கு மனம் வராது.

நம் ஊர்த் தனியார் பல்கலைக்கழகங்களும் இப்போது இத்தகைய குறுகிய காலப் படிப்புகளுக்கு மாணவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்புகின்றன. பெற்றோர் கட்டுவது லட்சங்களில். அமெரிக்கர் 180 நாட்களில் 90 நாட்கள் விசா இல்லாமலேயே ஷெங்கன் நாடுகளில் சுற்றலாம். கடைசி நேரத்தில் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்திய மாணவர் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாரோ அந்த நாட்டிடம் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தங்குமிடத்துக்கும் பயணத் திட்டத்துக்கும் முன்கூட்டியே ஆதாரம் காட்ட வேண்டும். அவருடைய கடைசி வாரம் ஃப்ளோரன்ஸில் அல்ல, பல மாதங்களுக்கு முன்பே இங்கே ஒரு கல்லூரி அலுவலக மேசையில் முடிவாகிவிடுகிறது. எட்டு நாள், ஐந்து நாடு என்று அங்கே தட்டச்சு செய்கிறவரிடம்தான், ஒரே ஊரில் எத்தனை இரவு தங்குவார்கள் என்று பெற்றோர் பணம் கட்டும் முன் கேட்க வேண்டும்.