கூடிச் செய்யும் பணிக்குரிய மொழி எது?

தமிழகத்துப் பொறியியற் கல்லூரிகள் பலவற்றில், மாணவர் நால்வர் ஐவராகக் கூடிக் கைப்பேசிச் செயலியொன்றை ஆக்கிக் காட்டுகின்றனர். கூடித் தொழில் செய்யும் பண்பு வளர்தல் வேண்டும் என்பதே இப்பயிற்சியின் நோக்கம். ஆனால், பல குழுக்களில் நடப்பது யாது? ஆங்கிலத்தைத் தங்குதடையின்றிப் பேசுபவர் தலைவராகிவிடுகின்றார். தமிழ்வழிப் பயின்று சிற்றூரினின்று வந்தவரோ, கணக்கறிவில் அவரினும் மேம்பட்டவராயினும், வாய்மூடித் தலையசைக்கின்றார். இது கூட்டுப்பணியா? அன்று, ஒருவர் ஆளப் பிறர் அடங்கும் ஏவற்பணியே!

நிரலின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தாமே உள்ளன என்பர் சிலர். கட்டளைச் சொல் வேறு, எண்ணம் வேறு. பலர் தனித்தனியே எழுதும் நிரலை ஒன்றிணைக்க உதவுவது, 2005இல் இலினசு தோர்வால்ட்சு ஆக்கிய 'கிட்' என்னும் கருவி. ஒரே வரியை இருவர் இருவேறு வகையாய் மாற்றிவிடின், அக்கருவி இரண்டையும் காட்டி நின்றுவிடும். எது தக்கது என்று முடிவு செய்ய வேண்டியவர் மாந்தரே. அவ்விடத்துத் தம் கருத்துக்குக் கரணியம் காட்டத் தாய்மொழியினும் சிறந்த துணை வேறுண்டோ? ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிய குறிப்பையும் அக்கருவியில் தமிழிலேயே எழுதலாம்; தடையேதும் இல்லை.

இன்னுமொன்று. ஆண்டிராய்டுச் செயலியின் திரைச்சொற்கள் நிரலினின்று பிரித்துத் தனிக்கோப்பில் வைக்கப்பெறுகின்றன. மொழிக்கொரு கோப்பு அமைக்கலாம். கைப்பேசியில் தேர்ந்த மொழிக்குக் கோப்பு இல்லையெனில், முதற்கோப்பிலுள்ள சொற்களே தோன்றும். அம்முதற்கோப்பில் ஆங்கிலத்தை இட்டுவிட்டுத் தமிழைப் 'பின்னர்ப் பார்ப்போம்' என்று தள்ளிவைக்கின்றனர் நம் மாணவர். மதிப்பெண் வந்தபின் அந்தப் 'பின்னர்' வருவதேயில்லை! தமிழர் ஆக்கித் தமிழர் பயன்கொள்ளும் செயலியில் தமிழ் ஏன் கடைசியில் நிற்றல் வேண்டும்?

தம்பியரே, தங்கையரே! ஆங்கிலம் கற்க வேண்டா என்கிலோம். அதனை உங்கள் குழுவுக்குத் தலைமை தாங்க விடாதீர் என்கின்றோம். செயலியின் திட்டத்தைத் தமிழில் எழுதுங்கள். முதற்கோப்பில் தமிழை இடுங்கள். ஆங்கிலம் மொழிபெயர்ப்பாய்ப் பின்வரட்டும். ஒரு பொத்தானுக்குச் 'சேமிக்க' என்று பெயரிடுவதா, 'காக்க' என்று பெயரிடுவதா என அனைவரும் கூடி ஆராயுங்கள். அன்று, அதுகாறும் வாய்மூடி இருந்தவரும் பேசுவார். அனைவரும் பேசும் குழுவே குழு; அதன் ஆக்கமே ஆக்கம்!