முந்தானைக்குள் மறையும் பச்சை

இரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னால், மூதாட்டியர் சிலர் முந்தானையை இழுத்து முன்கையை மூடிக்கொள்கின்றனர். உள்ளே மங்கிய பச்சைக் கோலம் ஒன்றோ, தேளோ, ஒரு பெயரோ இருக்கும். “அறியாத வயதில் குத்தியது” என்று கூசுவார்கள். உடன் வந்த பேத்தி, இதை அழிக்க முடியுமா என்று வினவுவாள். நூம்பல், வானகரம், திருவேற்காடு எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து வருவோரிடம் நாம் காணும் காட்சி இது.

இந்தக் கூச்சம் தேவையற்றது என்பதே நம் கருத்து. தமிழகத்தில் குறவர் சமூகப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்தினர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அவர்களது முறையை எழுதி வைத்துள்ளார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் மெல்லிய துணியில் சுற்றி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, புதுச்சட்டியின் அடியில் படிந்த கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தனர். கரிய மைதான், தோலுக்கடியில் அது பச்சையாகத் தெரிகிறது. நகையும் நிலமும் இங்கேயே நின்றுவிடும், பச்சை மட்டுமே இறந்தபின்னும் உடன் வரும் என்று அன்று பலர் நம்பினர்.

இது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று. நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு முகத்திலுள்ள பச்சை குலவரலாறு. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் உடலில் 61 பச்சைக் குறிகள் உள்ளன. அவற்றுள் பல தேய்ந்த மூட்டுகளுக்கும் இடுப்புக்கும் அருகில் இருப்பதால், வலி தீரக் குத்தியிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். இன்றும் கதிர்வீச்சுச் சிகிச்சையில், நாள்தோறும் அதே இடத்தில் கதிர் படுவதற்காகத் தோலில் கடுகினும் சிறிய புள்ளிகளைக் குத்துவதுண்டு. அப்புள்ளிகளைக் கண்டு மனம் வருந்துவோர் இதையும் நினைவிற்கொள்ளலாம்.

ஆயினும் பழைய ஊசி திரும்பி வரவேண்டும் என நாம் கூறவில்லை. ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக்குக் காரணமான ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் பரவக்கூடும். புதிதாகப் பச்சை குத்திக்கொண்டோர் இரத்த தானத்திற்கு 12 மாதங்கள் காத்திருத்தல் வேண்டும். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன்னரும் பச்சை இருப்பதைத் தெரிவித்தல் நலம்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். நேற்றைய நிகழ்வை மறந்துவிட்ட முதியவருக்கும் இளமைக்கால நினைவு எஞ்சியிருக்கக்கூடும். படுக்கையருகில் அமர்ந்திருக்கும் நேரத்தில், யார் குத்தினார், எங்கே அமர்ந்து, கூலியாக என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். சொல்வதைக் குறித்து வையுங்கள். அக்கோலத்தையும் தாளில் வரைந்து வையுங்கள். அதை அறிந்தவர் அவர் ஒருவராகவே இருக்கலாம்.