நிலவுக்குப் போன வாத்து

'டக் டேல்ஸ்' வீடியோ கேமில் ஸ்க்ரூஜ் மெக்டக் என்ற பணக்காரக் கிழவாத்து கைத்தடியை ஊன்றி எம்பி எம்பிக் குதித்துப் போவார். முள், எதிரியின் தலை என்று எதன் மேலும் தடி நிற்கும். இமயமலைக் கட்டத்துக்கு வந்தால் மட்டும் அந்த வித்தை பலிக்காது. பனியில் குதித்தால் கிழவர் புதைந்து மாட்டிக்கொள்வார். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உயிர் ஒன்று போன பிறகு, பனியில் குதிக்கக் கூடாது, நடக்க வேண்டும் என்று விரல்களே கற்றுக்கொள்ளும். குழந்தையை இவ்வளவு மதித்து நடத்திய ஆசிரியர் எனக்குப் பள்ளியில் அதிகம் வாய்க்கவில்லை.

அது 1989இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் செய்த கேம். 'மெகா மேன்' உருவாகிய அதே கூடத்தில், டோக்குரோ ஃபுஜிவாராவின் தயாரிப்பில் வந்தது. டிஸ்னியின் தொடர் அதற்கு இரண்டாண்டு முன் தொடங்கியிருந்தது. நமக்கு அத்தொடர் தூர்தர்ஷனில் இந்தியில்தான் அறிமுகம். பேச்சு புரியாமலே பார்த்த தமிழ்ப் பிள்ளைகள் அநேகம். கேமுக்கு அந்தத் தடை இல்லை. அமேசான், ட்ரான்சில்வேனியா, ஆப்பிரிக்கச் சுரங்கம், இமயமலை, நிலவு என ஐந்து இடங்கள். எங்கே முதலில் போவதென்பது ஆடுபவர் விருப்பம். சேர்த்த பணம்தான் மதிப்பெண். ஒரு கோடி டாலரும் ஒளித்துவைத்த இரண்டு புதையல்களும் கைக்கு வந்தால் கதையின் முடிவே மாறும்.

நிலவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். இந்த கேம் ஓடிய பெட்டியில் மொத்தம் ஐந்தே ஒலித்தடங்கள். மெட்டுக்கு மூன்று, தாளத்துக்கு வெறும் இரைச்சல் ஒன்று, பதிவுசெய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. இதை வைத்துக்கொண்டு ஹிரோஷிகே டோனோமுரா நிலவுக்கு ஓர் இசை அமைத்தார். கீழே ஸ்வரங்கள் இடைவிடாமல் ஓட, மேலே மெட்டு ஏறிக்கொண்டே போகும். உற்சாகமும் ஏக்கமும் ஒன்றாகச் சேர்ந்த இசை அது. எதிரிகளை மறந்து, ஸ்க்ரூஜை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே இருந்த மாலைகள் எனக்கு உண்டு. 2017இல் டிஸ்னி புதிதாகத் தொடங்கிய 'டக் டேல்ஸ்' தொடரில் அதே மெட்டு ஒரு தாயின் தாலாட்டாக ஒலித்தது. கார்ட்டூனிலிருந்து பிறந்த கேம், தன் பங்குக்குக் கார்ட்டூனுக்கு ஒரு பாட்டைக் கொடுத்தது.

2013இல் இந்த கேமைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். முதல் தொடரில் ஸ்க்ரூஜுக்குக் குரல் கொடுத்த ஆலன் யங், 93 வயதில் மறுபடி வந்து பேசினார். அந்தப் பதிப்பு 2019இல் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு திரும்ப வந்தது. திரும்பி வந்தது அதிர்ஷ்டம். கார்ட்டூன் கேமுக்கு உரிமையாளர் இருவர்: பாத்திரம் ஒருவருடையது, கேம் இன்னொருவருடையது. இருவரில் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் அது சந்தையில் இருக்காது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. அவற்றை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியே திறந்துவிட நூலகங்கள் அனுமதி கேட்டன. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024இல் மறுத்துவிட்டது. அந்த மறுப்பு அநியாயம் என்றே இந்த இதழ் கருதுகிறது.

பழம்பொருள் காதலாக மட்டும் இதைச் சொல்லவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்து வைக்காமல் போயிருந்தால், நம் அச்சு வரலாற்றில் பாதி கைநழுவியிருக்கும். தொண்ணூறுகளின் தமிழ்க் குழந்தைகள் எதை ஆடினார்கள் என்பதற்கு அப்படி ஒரு சேகரிப்பு நம்மிடம் இல்லை. சென்னையின் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கிய நகல் பெட்டிகள், ஒரே கேசட்டில் பல கேம்களை அடைத்து ஒட்டிய லேபிள்கள் எல்லாமே நம் பண்பாட்டு வரலாறுதான். முதலாளி ஜப்பானில் இருந்தாலும் ஆடிய கைகள் நம்முடையவை.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டியோ கேசட்டோ கிடந்தால் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துடைத்து, படம் எடுத்து, எப்போது எங்கே வாங்கியது, யார் யார் ஆடினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். வருகிறவற்றை அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம்.