என்ஜினை மாத்தப் போறீங்களா பாஸ்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு கேம் பண்றீங்களா? பாதியில 'இந்த என்ஜின் வேணாம், புதுசுதான் சூப்பர்'னு தோணுதா? கொஞ்சம் நில்லுங்க!

'ட்யூக் நியூகெம் ஃபாரெவர்' கதை தெரியுமா? குவேக் 2 என்ஜினில் வரும் என 1997-ல் அறிவித்தார்கள். 1998-ல் அன்ரியலுக்குத் தாவினார்கள். படம், சத்தமெல்லாம் ஓரளவு கூடவே வரும், லெவல் வராது. குவேக்கில் வெற்றிடத்தில் சுவர் எழுப்பணும். அன்றைய அன்ரியலிலோ பாறையைக் குடைவது போல அறையைக் குடைஞ்செடுக்கணும். புரோகிராமும் புதுசா எழுதணும். கடைசியில் கேம் வெளிவந்தது 2011-ல்!

மாத்தியே ஆகணுமா? முதல்ல ஒரே ஒரு லெவலை மாத்திப் பாருங்க. அதுக்கு ஆன நாட்களை மொத்த லெவல்களால பெருக்குங்க. டெமோ தேதிக்குள்ள அடங்கினா ஓகே. இல்லேன்னா, பழைய குதிரையிலேயே பந்தயத்தை முடிச்சிடுங்க!