ஒரு கர்டர் போட்டா போதுமா?

நானும் எஞ்சினியர்தான். ஆனா ஈ.சி.ஈ. படிச்சுட்டு கோட் எழுதற எஞ்சினியர். எங்க ஊர்ல அந்த வித்தியாசம் எல்லாம் யாரும் பாக்கறதில்லை. கும்பகோணம் வீட்டுல ரெண்டு சின்ன ரூமுக்கு நடுவுல இருக்கற சுவரை எடுத்துட்டு பெரிய ரூமா ஆக்கணும்னு அப்பா முடிவு பண்ணி, "நீதான் எஞ்சினியராச்சே, வந்து பாருடா"ன்னார்.

மேல மெட்ராஸ் டெரஸ். தெரியாதவங்களுக்கு: வரிசையா தேக்குக் கட்டை, அதுமேல சின்ன செங்கல்லை நிக்க வெச்சு சுண்ணாம்புல அடுக்கி, அதுக்கும் மேல செங்கல் ஜல்லி போட்டு அடிச்ச தளம். உள்ளே கம்பியே கிடையாது. மொத்த எடையையும் கட்டைதான் சுவர்ல இறக்குது. எங்க வீட்டுல ரெண்டு ரூம் கட்டைகளோட நுனியும் அந்த நடுச்சுவர் மேலதான் உக்காந்திருக்கு!

மேஸ்திரி கூலா சொல்லிட்டார். "ஒரு கர்டர் போட்டா போதும் தம்பி."

கர்டர் தப்பில்லைங்க. போடற விதம்தான் மேட்டர். 12 அடி சுவர் பரவலா தாங்கிட்டிருந்த எடையை கர்டர் ரெண்டே நுனியில கொண்டுபோய் குவிக்கும். அந்த இடத்துல பழைய சுண்ணாம்புச் சுவர் நசுங்காம இருக்க கான்கிரீட் பெட் பிளாக் வேணும். சுவரை இடிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் முட்டு குடுக்கணும். கர்டருக்கும் கட்டைக்கும் நடுவுல இடைவெளி விட்டா, கட்டை தொங்கின அப்புறம்தான் கர்டர் வேலையே ஆரம்பிக்கும். அதுக்குள்ள மேல தளம் விரிஞ்சுடும்.

ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூடிரைவரால கட்டை நுனிகளைக் குத்திப் பாத்தேன். ஈரம் ஏறின வெளிச்சுவர் பக்கம் நாலு கட்டையில வெண்ணெய் மாதிரி உள்ளே போச்சு. அம்மா தினமும் மத்தியானம் படுக்கறது அதுக்குக் கீழேதான்.

"நூறு வருஷம் நின்ன வீடுடா"ன்னார் அப்பா. நின்னது அந்த சுவரோட சேத்துதானேப்பா? ஆபீஸ்ல ஒரு பட்டனோட கலர் மாத்தவே மூணு பேர்கிட்ட அப்ரூவல் கேக்கறாங்க. இங்கே சுவரை இடிக்க ஒருத்தர் வார்த்தை போதுமாம்! டைல்ஸுக்கு அள்ளிக் குடுக்கத் தயாரா இருக்கறவர், ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஃபீஸுன்னதும் ஒரு வாரம் என்கூட பேசலை.

கடைசில அம்மாதான் ஜெயிச்சாங்க. எஞ்சினியர் வந்தார். உளுத்த நாலு கட்டைக்கும் ரெண்டு பக்கமும் இரும்பு சேனல் வெச்சு போல்ட் போட்டு, சேனல் நுனியை சுவர்ல ஏத்தச் சொன்னார். முட்டு நிக்குது, வேலை நடக்குது. அம்மா கட்டிலை கூடத்துக்கு மாத்தியாச்சு. அப்பா மட்டும் வர்றவங்ககிட்ட எல்லாம் அந்த ஃபீஸுக்கு எத்தனை பெட்டி டைல்ஸ் வந்திருக்கும்னு கணக்கு சொல்லிட்டிருக்கார்.