கன்றுக்கு ஊசி உண்டு, ஆட்டுக்குட்டிக்கு ஏன் இல்லை?



போன மாசியில் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் பட்டியில் 11 ஆடுகள் அடுத்தடுத்து குட்டி வீசின. மருந்தகத்தில் போய்ச் சொன்னால், "தழையில ஏதோ கோளாறு, சத்து மருந்து குடு" என்றார்கள். ரத்தம் எடுக்கவில்லை. செத்த குட்டிகளை வெறுங்கையால் எடுத்துப் போட்ட அவருக்கு அடுத்த மாதமே காய்ச்சல். டைபாய்டு என்று மூன்று மாதம் மாத்திரை. இடுப்பு பிடித்து எழுந்திருக்க முடியாமல் கிடந்த பிறகுதான் ஒரு டாக்டர், "ஆடு வளர்க்கிறீங்களா?" என்று கேட்டார். ரத்தத்தைப் பார்த்தால் புருசெல்லோசிஸ்! அதாவது கன்றுவீச்சு நோய். வைத்தியச் செலவுக்கு மிச்ச ஆடுகளும் சந்தைக்குப் போயின. அவை இன்று எந்த ஊர்ப் பட்டியில் நோயைப் பரப்புகின்றனவோ!

இது புது நோயா? இல்லை. 1887-ல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் இந்தக் கிருமியைக் கண்டார். 1905-ல் அதே தீவில் சம்மிட் என்ற டாக்டர், நோயே இல்லாதது போல் நின்ற வெள்ளாடுகளின் ரத்தத்தில் அதைக் கண்டுபிடித்தார். 1906-ல் பட்டாளத்துக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. சிப்பாய்களின் காய்ச்சலும் அடங்கியது.

தடுப்பூசி இல்லையா? இருக்கிறது! இந்தக் கிருமி உடம்பின் செல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதனால் செத்த கிருமியில் செய்த ஊசி சரியாகப் பலிப்பதில்லை. உயிரோடு இருக்கும், ஆனால் பல் பிடுங்கிய பாம்பு போன்ற கிருமி வேண்டும். 1950-களில் அமெரிக்காவில் எல்பெர்க், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் ஆட்டுக் கிருமியை ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து இல்லாமல் பிழைக்காதபடி பழக்கினார்கள். அதிலிருந்து, மருந்து இல்லாமலும் வாழும் வீரியம் குறைந்த ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ரெவ்-1. கிரீஸ் நாட்டில் 1994-ல் இந்த ஊசியை நிறுத்தினார்கள். ஆட்டிலும் மனிதரிலும் நோய் ஏறியது. 1998-ல் மறுபடி போட்டார்கள், நோய் இறங்கியது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இங்கே என்ன நடந்தது? 2019-ல் மத்திய அரசு 13,343 கோடி ரூபாயில் கோமாரிக்கும் கன்றுவீச்சுக்கும் தேசியத் திட்டம் அறிவித்தது. கோமாரிக் கணக்கில் ஆடு இருந்தது. கன்றுவீச்சுக்கோ 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும்! மாட்டுக்குப் போட்டதைக் குறை சொல்லவில்லை, அதுவும் நம் மாடுதான். ஆனால் 2019 கணக்கெடுப்பில் நாட்டில் வெள்ளாடு 14.8 கோடிக்கு மேல், செம்மறி 7.4 கோடி. மாடு வாங்க வசதி இல்லாதவன்தானே ஆடு வளர்க்கிறான்? அவன் வீட்டுக் குட்டி குட்டியில்லையா?

"உயிருள்ள ஊசி ஆபத்து" என்பார்கள். ஆமாம், உண்மைதான். சினை ஆட்டுக்குப் போட்டால் குட்டி வீசலாம். போடுகிறவர் கையில் குத்தினால் அவருக்கே நோய் வரலாம். மனிதருக்குக் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினும் அந்தக் கிருமியிடம் பலிக்காது. ஊசி போட்ட ஆடா, நோயுள்ள ஆடா என்று ரத்தப் பரிசோதனையிலும் குழப்பம் வரும். அதனால்தான் 3 முதல் 6 மாதக் குட்டிகளுக்கு, கண்ணில் சொட்டு விடும் முறை வந்தது. குறை இருந்தால் அதைவிட நல்ல ஊசியைக் கண்டுபிடிப்பதுதானே ஆராய்ச்சி நிலையத்தின் வேலை? குறை சொல்லியே காலத்தை ஓட்டுவது, ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்!

நம் பக்கமும் தப்பு இருக்கிறது. குட்டி வீசிய ஆட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் சந்தையில் தள்ளுகிறோம். இனி அது வேண்டாம். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டி எடுத்து, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைப்போம். அந்த ஆட்டைத் தனியே கட்டுவோம். பாலைக் காய்ச்சாமல் குடிக்க மாட்டோம். ஆனால் ரத்தப் பரிசோதனையில் நோய் என்று தெரிந்த ஆட்டுக்கு நஷ்ட ஈடு கிடையாது என்றால், ஏழை என்னதான் செய்வான்?

நம் கோரிக்கைகள்:

1. குட்டி வீச்சுக்குப் பல காரணம் உண்டு. எந்த ஊரில் நடந்தாலும் ரத்தம் எடுத்து, முடிவை எழுத்தில் கொடு!
2. ஆட்டுக்குட்டிகளையும் கன்றுவீச்சுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்!
3. பாதுகாப்பான புதிய உயிர் ஊசியை அரசு நிலையங்களில் உருவாக்க நிதி ஒதுக்கு! இராணிப்பேட்டை நிலையத்தில் தயாரித்து இலவசமாகக் கொடு!
4. நோய் கண்ட ஆட்டுக்குச் சந்தை விலையில் நஷ்ட ஈடு கொடு!
5. ஆடு வளர்ப்போருக்கு விடாத காய்ச்சல் வந்தால், அரசு ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்!

வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் திரளுவோம். குட்டி வீசிய ஆடு எத்தனை, எந்த மாதம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். அந்தத் தாள்தான் நம் ஆயுதம்.

கேட்காத காதைக் கேட்க வைப்போம்! ஒன்றுபடுவோம்! வென்று காட்டுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்